நதிமூலம் நாடிய பயணம்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராய்தல் ஆகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பெரியோர் ஒருவரின் பிறப்பு வரலாற்றைத் துருவின் அவர்பால் உள்ள மதிப்புக் குறைதல் கூடும். பேராறு ஒன்றன் பிறப்பிடத்தை நேரிற் காணின், இத்துணைச் சிறிய ஊற்றோ அத்துணைப் பெருமைக்கு முதல் என்று உள்ளம் தளர்தல் கூடும். ஆகலின் அவ்விரண்டையும் விடுத்திடுக என்பது முன்னோர் கருத்துப் போலும். அவ்வறிவுரையைச் சிறிது புறக்கணித்து, 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், யாமும் எம் தமையனாரும் தமக்கையாரும் ஐரோப்பாவின் பேராறுகளுள் ஒன்றாகிய ரைன் நதியை, அது கடலொடு கலக்கும் இடத்தில் தொடங்கி அது பிறக்கும் மலையேரி ஈறாக, நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத் தொடர்ந்து சென்றோம். நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு, சுவிட்சர்லாந்து என்னும் நான்கு நாடுகளினூடே பதின்மூன்று நாள் நடந்த அப்பயணத்தின் வரலாற்றைச் சுருங்க எழுதித் தருமாறு இம்மலரின் ஆசிரியர் பணித்தனர். கண்ட காட்சிகள் பல. அவற்றுட் சிலவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பயணத்தின் காரணத்தை முதற்கண் கூறுதல் முறை. எம் தந்தையார் பொதுப்பணித் துறையில் அமர்ந்து, திருச்சிராப்பள்ளியை அடுத்த முக்கொம்பில் பல்லாண்டு பணியாற்றியவர். 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் துரை கட்டுவித்த மேலணை அங்கேதான் உளது. மேற்கினின்று வரும் காவிரி அவ்விடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை தன் பெயரோடும், மற்றொன்று கொள்ளிடம் என்னும் வேற்றுப் பெயரோடும் கடல் நோக்கிச் செல்லும். எந்தக் கிளைக்கு எவ்வளவு நீர் விடுவது என்பதே தந்தையாரின் அன்றாடக் கவலை. மதகுகளின் மேல் நடந்து பழகிய எம் தமையனார் நீரியற் பொறியியல் கற்று, 2017-ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டு நெதர்லாந்து சென்று, அங்கேயே பணியில் அமர்ந்தார். தமக்கையார் ஊரிலே பள்ளி ஆசிரியையாக இருந்து அன்னையாரைக் காத்து வருகின்றார். கடைக்குட்டியாகிய யாம் இக்கல்லூரியில் தமிழ் பயில்கின்றோம்.

2021-ஆம் ஆண்டு மே திங்களில், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், தந்தையார் காலமானார். அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் நின்றவர் பத்துப் பேருக்கு மேலில்லை. நாடுகள் தத்தம் வாயில்களை அடைத்திருந்த அக்காலத்தில் தமையனார் வந்து சேரக் கூடவில்லை. அதனை எவரும் குறையாகக் கூறிலர். ஆயின், வழி திறந்த பின்னரும் அவர் வாராது, 2023-ஆம் ஆண்டில் பத்து நாள் மட்டும் வந்து தங்கி மீண்டமையைத் தமக்கையார் பொறுக்கவில்லை. இருவரிடையேயும் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்லுதற்கில்லை, “நலமா?”, “நலம்” என்னும் அளவில் நடந்துகொண்டிருந்தது. அதனினும் வாய்விட்டுச் சண்டையிட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று அன்னையார் எம்மிடம் பன்முறை வருந்தியதுண்டு. இந்நிலையில் தமையனார் எமக்கும் தமக்கையார்க்கும் விமானச் சீட்டு அனுப்பினார். தமக்கையார் முதலில் மறுத்தார். “நீ போகாவிட்டால் இவனைத் தனியே அனுப்ப மாட்டேன்” என்று அன்னையார் எம்மைக் காட்டிக் கூறவே உடன்பட்டார். எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டி ஒன்றும், பருப்புப்பொடி இரண்டு படியும், சிறிய மின்சாரச் சோற்றுப் பானை ஒன்றும் எம் பெட்டியில் ஏறின. எம் மாற்றுடைகளிற் பாதி இறங்கின.

ராட்டர்டாம் நகரை அடைந்த மறுநாட் காலையிலேயே, நகரைக் காட்டாமல், தமையனார் எம்மை மெட்ரோ வண்டியில் ஏற்றி ஊக் வான் ஹாலந்து என்னும் கடற்றுறைக்கு அழைத்துச் சென்றார். ரைன் நீரின் பெரும்பகுதியை வடகடலிற் சேர்க்கும் வாயில் அது. இயற்கையாக அமைந்த கழிமுகம் மணலால் தூர்ந்து கப்பல்களுக்கு இடையூறு விளைத்தமையால், மணற்குன்றுகளை அறுத்து நேர்வழியாக வெட்டிய கால்வாய் 1872-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் கரையில் உலகம் வியக்கும் வெள்ளத் தடுப்பு வாயில் ஒன்று உளது. 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் விடியுமுன் கடல் பொங்கி நெதர்லாந்தில் மட்டும் 1,836 உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதன் பின்னர் அந்நாட்டார் தொடங்கிய காப்புப் பணிகளின் நிறைவாக 1997-ஆம் ஆண்டில் இவ்வாயில் எழுந்தது. இதன் கதவுகள் இரண்டு; ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமும் 22 மீட்டர் உயரமும் உடையது. புயல் வருங்கால் கதவை மூடுவதா, விடுவதா என்று முடிவு செய்வது மனிதர் அன்று, கணிப்பொறியே. தந்தையார் இதனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யாம் வினவினோம். “பொறிக்குத் தூக்கம் வராதா என்று கேட்டிருப்பார்” என்றார் தமையனார். தமக்கையார் முறுவலித்ததை யாம் கண்டோம். ஆயின் அவர் முகத்தை உடனே கடற்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடலினுள் நெடுந்தொலை நீளும் கற்சுவரின்மேல் நடந்து சென்று ஒரு கற்பாறையருகே தமையனார் நின்றார். அங்கே ஏன் அத்துணை நேரம் நின்றார் என்பது அன்று எமக்கு விளங்கவில்லை. காற்று மிகுந்திருந்தது. பெருங்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உட்புகுந்தன.

ரைன் கரையெங்கும் தொலைவைக் குறிக்கும் பலகைகள் நாட்டியுள்ளனர். ஜெர்மனியின் தென்கோடியிலுள்ள கான்ஸ்டன்ஸ் நகரின் பாலத்தில் 0 என்று தொடங்கும் கணக்கு, கடல்வாயிலில் 1036-இல் முடிகின்றது. யாம் எதிர்முகமாகச் சென்றமையால் எமக்கு எண்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆற்றின் முழு நீளமோ ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர். நெடுங்காலம் பாடநூல்களும் கலைக்களஞ்சியங்களும் இதனை 1,320 என்றே அச்சிட்டு வந்தன. இலக்கங்கள் இரண்டு இடம் மாறியதால் விளைந்த வழு அது என்பதை 2010-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஒருவர் எடுத்துக்காட்டினார். பிரதி செய்வோர் பிழையால் பாடபேதம் தோன்றுதல் ஏட்டுச் சுவடிக்கே உரியது என்று எண்ணியிருந்த எமக்கு, ஓர் ஆற்றின் நீளத்துக்கும் பாடபேதம் உண்டு என்பது பெருமகிழ்ச்சி தந்தது.

அங்கிருந்து ஆர்னெம் நகரின் அருகே, ரைன் இரண்டாகப் பிரியும் பன்னர்டன் என்னும் இடத்தைக் காணச் சென்றோம். வாடகை மிதிவண்டிகளில் வயல்களினூடே சென்ற அப்பகற்பொழுது மறத்தற்கரியது. தமக்கையார் மிதிவண்டி ஏறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மனியினின்று வரும் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்விடத்தில் வால் என்னும் பெயர் பூண்டு மேற்கே செல்கின்றது. எஞ்சியது வடபால் சென்று மீண்டும் பிரிகின்றது. பெருங்கிளை தன் பெயரை இழந்து சிறுகிளையே ரைன் என்னும் பெயரைத் தாங்குவது வியப்பே. நீர் குறைந்த காலத்தில் எந்தக் கிளைக்கு எவ்வளவு என்பதை, சற்றுக் கீழே டிரீல் என்னும் ஊரிலுள்ள மதகணை வகுக்கின்றது. நாட்டின் தண்ணீர்க் குழாய் என்றே மக்கள் அதனை வழங்குகின்றனர்.

கரைமுனையிலே நின்று இரு கிளைகளையும் நோக்கியபோது தமக்கையார் தாமாகவே வாய் திறந்தார். “முக்கொம்புதான் இது” என்றார். சற்றுப் பொறுத்து, “அப்பா இங்கே வந்திருந்தால் மதகில் எத்தனை அடி தண்ணீர் என்று முதலில் கேட்டிருப்பார்” என்றார். தமையனார் தம் கைப்பேசியில் அன்றைய நீர்மட்டத்தை எடுத்துக் காட்ட, இருவரும் தலைகளை ஒன்றுசேர்த்து அவ்வெண்களைப் பார்த்தனர். பயணம் தொடங்கிய பின் அவ்விருவரும் ஒன்றையே நோக்கியது அதுவே முதன்முறை.

ஜெர்மனியிற் புகுந்து கொலோன் நகரை அடைந்தோம். ஆற்றுப்பாலத்தைத் தாண்டும் இரயில்வண்டியிலிருந்தே பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் வானளாவித் தோன்றுகின்றன. 157 மீட்டர் உயரமுடைய அவ்வாலயத்துக்குக் கால்கோள் செய்தது 1248-ஆம் ஆண்டில். நிறைவுற்றது 1880-ஆம் ஆண்டில். இடையே 632 ஆண்டுகள். பொருளின்மையாலும் மனவூக்கம் குன்றியமையாலும் பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்று, பாதியில் விடப்பட்ட கோபுரத்தின்மேல் மரத்தாலான பாரந்தூக்கி ஒன்று பல தலைமுறை வரை அவ்வாறே நின்றதாம். நகரத்து மாந்தர் அதனைத் தம் ஊரின் அடையாளமாகவே கொண்டுவிட்டனர். இரண்டாம் உலகப் பெரும்போரின் குண்டுவீச்சுக்கு இந்நகரின் பெரும்பகுதி இரையாயிற்று. ஆலயம் பல குண்டுகள் பட்டும் வீழாது நின்றது. யாம் வந்த இரயில்வே பாலமோ 1945-ஆம் ஆண்டு மார்ச்சில், பின்வாங்கிய ஜெர்மானியப் படையினராலேயே தகர்க்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்டது. ஆற்றங்கரைப் பலகையில் 688 என்று கண்டோம்.

கோப்லன்ஸ் நகருக்கு மேற்பால் ஆறு மலைகளிடையே நெருங்கிச் செல்கின்றது. இருமருங்கும் செங்குத்தான சரிவுகளில் முந்திரிக் கொடித் தோட்டங்கள். குன்றுதோறும் இடிந்த கோட்டை. 554-ஆம் பலகையினருகே லோரலை என்னும் பாறை 132 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. அதன் அடியில் ஆறு குறுகி வளைவதால் பண்டு பல படகுகள் மோதி உடைந்தன. அழகிய மங்கை ஒருத்தி பாறையுச்சியில் அமர்ந்து பாடி மாலுமிகளின் மதியை மயக்கினாள் என்னும் கதை அதனால் எழுந்தது. சிறிது மேலே காவுப் என்னும் சிற்றூரின் எதிரில், ஆற்றின் நடுவே கப்பல் போன்ற வடிவில் ஒரு கோட்டை உளது. போகும் வரும் கலங்களை மறித்துச் சுங்கம் பெறுதற்கென்றே பதினான்காம் நூற்றாண்டில் கட்டியது. அந்நாளில் இவ்வாற்றில் இத்தகைய சுங்கத் தடைகள் எண்ணில. 1815-ஆம் ஆண்டில் வியன்னா மாநாட்டில் கூடிய அரசுகள், ரைன் நதிக் கப்பற் போக்குவரத்துக்கென ஒரு பொதுக்கழகம் நிறுவின. இன்றும் நடைபெறும் பன்னாட்டு அமைப்புகளுள் அதுவே மிகப் பழையது. 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி ஆற்றில் கலம் செலுத்துவோர்க்கு முழு உரிமை உண்டாயிற்று. ஆயின் மனிதர் நீக்கிய தடையை இயற்கை இடுவதும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் வறட்சியால் காவுப் அளவுகோலில் நீர்மட்டம் 40 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கியது. சரக்குக் கலங்கள் பாரத்தில் ஒரு பகுதியையே ஏற்றிச் செல்ல நேர்ந்தது. அவ்வேனிலின் கணக்குகளைத் தமையனார் மனப்பாடமாகச் சொன்னார். தந்தையாரும் அவ்வாறே காவிரியின் கணக்குகளைச் சொல்வார்.

பிரான்சு நாட்டு எல்லையிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரிற்றான் எம் பயணத்தின் கடினமான நாள் வந்தது. அந்நகரைத் தன்னகத்தே கொண்ட அல்சாசு நாட்டுப்பகுதி, 1871-ஆம் ஆண்டில் ஜெர்மனிக்கும், 1918-இல் பிரான்சுக்கும், 1940-இல் மீண்டும் ஜெர்மனிக்கும், அப்போரின் முடிவில் மீண்டும் பிரான்சுக்குமாகக் கை மாறியது. தன் வீட்டுத் திண்ணையை விட்டு எழாத முதியவர் ஒருவர் வாழ்நாளுக்குள் நான்கு முறை நாடு மாறியிருப்பார். இன்று அவ்விடத்தில் ஆற்றின் குறுக்கே 2004-ஆம் ஆண்டில் அமைத்த நடைப்பாலம் ஒன்று, இப்பால் ஸ்ட்ராஸ்பூர்க்கையும் அப்பால் ஜெர்மனியின் கேல் நகரையும் இணைக்கின்றது. 2017-ஆம் ஆண்டு முதல் டிராம் வண்டியும் ஆற்றைக் கடந்து இரு நாட்டுக்கும் பொதுவாக ஓடுகின்றது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனி தன் நிலவெல்லைகள் அனைத்திலும் தற்காலிகச் சோதனையைத் தொடங்கியதாயினும், அன்று மாலை பாலத்தில் எம்மை நிறுத்தியவர் எவருமிலர். மிட்டாய் வாங்கப் போகும் சிறுவர்கள் போல மக்கள் ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டுக்கு ரொட்டி வாங்கச் சென்று திரும்பிக்கொண்டிருந்தனர்.

பாலத்தின் நடுவில் தமையனார் அச்செய்தியைக் கூறினார். நெதர்லாந்துக் குடியுரிமை பெறுதற்குரிய தகுதி தமக்கு வந்துவிட்டது என்றும், விண்ணப்பம் இடலாமா என்று எண்ணியிருப்பதாகவும் சொன்னார். இந்தியச் சட்டப்படி ஒருவர் இரு நாட்டுக் குடியுரிமையை ஒருங்கே கொள்ளுதல் கூடாது. அந்நாட்டுக் குடிமகனாகுங்கால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிடல் வேண்டும்.

தமக்கையார் உடனே ஒன்றும் சொல்லவில்லை. “இதைச் சொல்லத்தானா எங்களைக் கூட்டி வந்தாய்?” என்று பின்னர்க் கேட்டார்.

“கேட்கத்தான் கூட்டி வந்தேன்” என்றார் அவர்.

“அடக்கத்துக்கு வராதவன் அனுமதி மட்டும் கேட்பானேன்?”

நான்காண்டுகளாகச் சொல்லப்படாத சொல் வெளிவந்துவிட்டது. தமையனார் விடை கூறவில்லை. யாம் இருவருக்கும் நடுவே நின்று கீழே ஓடும் நீரையே பார்த்தோம். அன்றிரவு சோற்றுப் பானையில் பொங்கிய சோற்றை மூவரும் மூன்று மூலைகளில் அமர்ந்து உண்டோம்.

மறுநாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை அடைந்தோம். மூன்று நாடுகள் சந்திக்கும் இடம் அது. 1986-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அந்நகரின் அருகே இரசாயனப் பண்டகசாலை ஒன்று தீப்பற்றியது. தீயணைக்க இறைத்த நீரோடு பூச்சிக்கொல்லி நஞ்சு ஆற்றிற் கலந்து, நீர் செந்நிறமாயிற்று. விலாங்கு மீன்கள் இலட்சத்துக்கு மேல் மாண்டன. அப்பேரிடர் கரைநாடுகள் அனைத்தையும் விழிக்கச் செய்தது. ஆற்றைக் காத்தற்பொருட்டு 1950-ஆம் ஆண்டிலேயே பாசலில் நிறுவிய பன்னாட்டு ஆணையம், 1987-ஆம் ஆண்டில் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. கழிவுநீர் தூய்மை செய்யப்பட்டது. மீன்கள் அணைகளைத் தாண்டி மேலேறப் படிவழிகள் அமைத்தனர். ஒழிந்தே போயிருந்த சால்மன் மீன் மீண்டும் தலைகாட்டியது. இன்று வேனில் மாலைகளில் பாசல் மக்கள் மீன் வடிவான நீர்புகாப் பையில் உடைகளை வைத்துக் கட்டி, அதனைப் பற்றிக்கொண்டு ஆற்றோடு மிதந்து வீடு திரும்புகின்றனர். அலுவலகம் விட்டு வரும் பெரியவர்கள் அவ்வாறு தலை மட்டும் தெரிய மிதந்து சென்றதைக் கண்டு யாம் சிரிப்பை அடக்க முடியாதவராயினோம்.

தமையனாரும் யாமும் அவ்வாறு மிதந்தோம். தண்ணீர் குளிர்ந்திருந்தது, ஓட்டமும் வேகமுடையதே. தமக்கையார் வரமாட்டேன் என்று கரையில் நின்றுவிட்டார். சிறிது தூரம் சென்று திரும்பிப் பார்த்தபோது, அவர் கரையோரப் பாதையில் எமக்கு ஈடாக விரைந்து நடந்துகொண்டிருந்தார், பின்னர் ஓடலானார். எம்மை அவர் பார்க்கவில்லை, தமையனாரையே பார்த்துக்கொண்டு, “கரையோரமா வா! நடுவிலே போகாதே!” என்று முக்கொம்பில் கூவுவது போலக் கூவினார். தமையனாருக்கு வயது முப்பத்து மூன்று. நீரையே தொழிலாகக் கொண்டவர். எனினும் அவர் மறுமொழி கூறாது கரையோரமாக வந்துவிட்டார்.

அதன்பின் வழி இனிதாயிற்று. ஷாஃப்ஹௌசன் அருகே 23 மீட்டர் உயரத்தினின்று ஆறு முழுவதும் விழும் அருவியைக் கண்டோம். கான்ஸ்டன்ஸ் பாலத்தில் 0 என்னும் பலகையையும் கண்டோம். அவ்வூர் ஏரியின் பரப்பு 536 சதுர கிலோமீட்டர். அதன் கரையில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா என்னும் மூன்று நாடுகள் உள்ளன. ஏரியின் பெரும்பகுதியில் எந்நாட்டு எல்லை எங்கே முடிகின்றது என்பதை அம்மூன்றும் இன்றளவும் ஒருமித்து வரையறுத்ததில்லை. ஆயினும் மீன்பிடிப்பும் கப்பலோட்டமும் உடன்படிக்கைகளால் ஒழுங்காக நடைபெறுகின்றன. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வேரி நீரைப் பருகுகின்றனர். பாகப்பிரிவினை செய்யாமலே மூன்று வீட்டார் ஒரு கிணற்றை ஆளுதல் இயலும் என்பதற்கு இது சான்று.

கூர் நகருக்கு மேலே, ரைகெனௌ என்னுமிடத்தில் முன்-ரைன், பின்-ரைன் என்னும் இரண்டு மலையாறுகள் கூடுகின்றன. யாம் முன்-ரைனைத் தொடர்ந்து, வெண்ணிறப் பாறைப் பள்ளத்தினூடே செல்லும் சிறு செந்நிற இரயில்வண்டியில் டிசென்டிஸ் என்னும் ஊரை அடைந்தோம். அங்கே பேசுவது ரொமான்ஷ் மொழி. இலத்தீன் வழிவந்த அம்மொழியைப் பேசுவோர் சில பதினாயிரவரே. அவர்தாமும் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக ஐந்து வகையாக எழுதுவர். அத்தகைய மொழியை 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி திங்களில் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டோர் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றனர். வாக்களித்தவருட் பெரும்பாலோர் அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர். தமிழ் பயிலும் எமக்கு இச்செய்தி நெடுநேரம் சிந்தனையாயிற்று.

ஜூன் 13-ஆம் நாட் காலையில் ஓபரால்ப் கணவாயில் இறங்கினோம். கடல்மட்டத்தினின்று இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அவ்விடத்தில், சுற்றிலும் பனி ஒதுங்கிய மலைகளுக்கு நடுவே, செந்நிறக் கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கின்றது! கடல்வாயிலாகிய ஊக் வான் ஹாலந்தில் முன்னர் நின்றதும் இப்போது ராட்டர்டாம் காட்சித்துறையில் உள்ளதுமான விளக்கத்தின் சிறு படிவம் அஃது. ஆற்றின் தலையும் காலும் ஒன்றையொன்று அறிதற்பொருட்டு நிறுத்தினர் போலும். அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மலைப்பாதையில் ஏறினோம். ஆங்காங்கே உருகாத பனியில் கால் புதைந்தது. 2,345 மீட்டர் உயரத்தில், பாறைகள் சூழ்ந்த சிற்றேரி ஒன்று வெளிப்பட்டது. அதன் பெயர் தோமா ஏரி. ஒரு மூலையில், யாம் தாண்டிவிடக்கூடிய அகலமுடைய ஓடை ஒன்று கற்களிடையே வழிந்து கீழே இறங்கியது. ராட்டர்டாமில் பெருங்கலங்களைச் சுமந்த ரைன் இதுவே.

தமக்கையார் விடுதியிற் கட்டிய புளிச்சோற்றைப் பிரித்தார். பிரித்தவாறே, எவரையும் நோக்காமல், “அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ என்ன செய்தாய்?” என்று கேட்டார். நான்காண்டுகளில் எவரும் அவரை அவ்வாறு கேட்டதில்லை.

தமையனார் சற்றுநேரம் பேசவில்லை. “கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் போடும்போது தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு யாரும் அழைக்கவில்லை. அறையில் இருக்க முடியவில்லை. கடைசி நிலையம் வரை மெட்ரோவில் போய், அந்தக் கல்லின் மேல் இரவாகும் வரை உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஊருக்கு வரப் பயமாக இருந்தது. அவர் இல்லாத வீட்டைப் பார்க்காதவரை, அவர் முக்கொம்பில் வேலையில் இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

பயணத்தின் முதற்காலையில் எம்மை எங்கே அழைத்துச் சென்றார் என்பது அப்பொழுதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது.

தமக்கையார் கண்ணைத் துடைத்துக்கொள்ளவுமில்லை; ஆறுதல் கூறவுமில்லை. முதற் கவளத்தை எடுத்துத் தமையனார் கையில் வைத்தார். அவர் உண்டு முடிந்தபின், “கிறிஸ்துமஸுக்கு வா. கடவுச்சீட்டுச் செய்தியை அம்மாவிடம் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன்” என்றார். அஃது உடன்பாடா மறுப்பா என்பதைத் தமிழிலக்கணம் பயிலும் யாமும் வகைப்படுத்தக் கூடவில்லை. தமையனாருக்கு விளங்கியது போலும், “வருகிறேன்” என்றார்.

அவ்வாறே 2025 டிசம்பரில் வந்து மூன்று வாரம் தங்கினார். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, புல் மண்டிக் கிடந்த இடத்தைத் தம் கையாலேயே செதுக்கி வந்தனர். செய்தியைக் கேட்ட அன்னையார் நெடிது வினவவில்லை. “அந்தச் சீட்டு வாங்கினால் நீ இங்கே வருவது எளிதாகுமா, கடினமாகுமா?” என்று ஒன்றே கேட்டார். தமையனார் அதற்குரிய விடையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். விண்ணப்பம் அவர் மேசையில் எழுதப்படாமலே உளது. அவர் எம்முடிவு செய்யினும், இனி அது மூவரும் பேசி அறிந்த முடிவாக இருக்கும்.

அன்பார்ந்த மாணவ நண்பர்காள்! எம்மில் பலர்க்கு உடன்பிறந்தார் உளர். ஒரே கூரையின் கீழ் வளர்ந்தோம் என்பதனாலேயே அவரை முற்றும் அறிவோம் என்று எண்ணியிருக்கிறோம். பிழைப்பு நாடி ஒருவர் கிழக்கேயும் ஒருவர் மேற்கேயும் பிரிந்தபின், ஒவ்வொருவரும் தத்தம் துயரைத் தனியே வைத்துக் காக்கின்றனர். ஒரே பெட்டியைச் சுமந்து, ஒரே வண்டிக்குக் காத்திருந்து, ஒரே பொட்டலத்துச் சோற்றை உண்டு நெடுவழி செல்லுங்கால், வீட்டில் கேட்கக் கூடாத வினாவைக் கேட்கவும் விடை கூறவும் ஒரு பொழுது வாய்க்கின்றது. அதற்கு ஐரோப்பாவே போதல் வேண்டுமென்பதில்லை. திருச்சிராப்பள்ளியினின்று முக்கொம்புக்குப் பேருந்து உண்டு. அடுத்த விடுமுறையில் உடன்பிறந்தாரை அழைத்துக்கொண்டு ஒருநாள் போய் வருக. கட்டுச்சோறு மட்டும் மறவாதீர்.